பாதித் திரையில் ஒரு லாரி

வீட்டு எண் 14, மூன்றாம் டிவிஷன் தோட்ட லயம்,
ரந்தாவ்.
8 ஜனவரி 2023

அன்புள்ள மருமகள் ரதிக்கு,

உன் தாய்மாமன் தங்கராஜு ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அத்தை பாஞ்சாலையும் கல்லுக்குண்டாக இருக்கிறோம். பட்டர்வொர்த்தில் உன் சுகம் எப்படி? இருமல் விட்டதா?

கூப்பிட்டால் மாமா எடுப்பதில்லை என்று கோபித்திருப்பாய். கைப்பேசி போய்விட்டது. பின்பக்கம் காட்டுப்பன்றி வந்தது, கன்றுக்குட்டி உயரம். கையில் வேறொன்றுமில்லை, கைப்பேசியாலேயே நெற்றியில் ஒரு போடு போட்டேன். பன்றி ஓடிவிட்டது. கைப்பேசி வாய்க்காலோடு போய்விட்டது. இனி நமக்குக் கடிதம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் ஒரு மத்தியானம் அத்தை வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர்ப் பால் எடுக்கக் கிளம்பி, பெரிய ரோடு வரை போய்விட்டது உனக்குத் தெரியும். பால்மரத்தை அழித்துச் செம்பனை வைத்து இருபது வருஷம் ஆகிறது. அது அவளுக்கு நினைவில்லை. மறதி நோய் என்று டாக்டர் சொன்னதும் உன் அத்தான் தேவன் கெமாஸிலிருந்து ரயில் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "இன்னொரு தடவ அம்மா ரோட்டுக்குப் போனா, ராசாவுல இருக்கிற முதியோர் இல்லத்துல சேத்துருவேன்ப்பா. அப்புறம் பேச்சே இல்ல" என்றான். நாற்பத்தொரு வருஷம் என்னோடு இருந்தவளை யாரோ பார்த்துக்கொள்வதா? "என்னைத் தாண்டி இந்த லயத்துல கோழிகூட ரோட்டுக்குப் போகாதுடா" என்று சொல்லி அனுப்பினேன்.

ஆனாலும் அவன் அத்தை அறையில் ஒரு கேமராவை மாட்டிவிட்டுப் போனான். கட்டிலும், அந்த அறையிலிருந்தே வெளியே போகும் வாசற்கதவும் அதில் தெரியும். கூடத்தில் லேப்டாப். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கா இது புதுசு? தோட்டத்து ஆலையில் இருபத்தொன்பது வருஷம் பாய்லர் தண்ணிக் கண்ணாடியைப் பார்த்தவன். அந்தக் குழாயில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால் பாய்லர் வெடித்துவிடும். என் காவலில் ஒரு நாளும் இறங்கியதில்லை. வெள்ளைக்காரத் துரை பார்த்து மயங்கி நின்றார்.

ஆனால் கண்ணாடியில் தண்ணீர் ஆடிக்கொண்டாவது இருக்கும். இங்கே அத்தை அசைவதே இல்லை. காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் பத்து மணிக்குக் கண் தானாக மூடிக்கொள்கிறது. தூக்கமில்லை, கண்ணுக்கு ஓய்வு. விழித்திருக்க ஏதாவது வேண்டுமென்று, தேவன் பள்ளிக்கூட நாளில் ஆடிய லாரி விளையாட்டுத் தட்டைத் தேடி எடுத்தேன். மலையிலிருந்து மரம் இறக்குவது, பதினான்கு மலை. ரந்தாவ் கடைக்காரர் அதை லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தார். தொட்டதும் லாரி ராக்கெட்டாகப் பாய்ந்து பள்ளத்தில் விழுகிறது. அதுகூடப் பரவாயில்லை. முழுத் திரையையும் அதுவே பிடித்துக்கொள்கிறது, அத்தை தெரிவதில்லை. கணினி படித்தவள் நீ. ஒரு வழி சொல்.

இப்படிக்கு,
உன் மாமா,
தங்கராஜு,
முன்னாள் தலைமை பாய்லர்மேன்

•

பட்டர்வொர்த்
20 ஜனவரி 2023

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். இருமல் மட்டும் மாறி மாறி வருகிறது. அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அந்த விளையாட்டு உங்கள் லேப்டாப்பை விட முப்பது வயது மூத்தது. அந்தக் காலத்து மெதுவான கணினிக்கென்று எழுதியது. இப்போதைய வேகத்தில் லாரி பறக்கத்தான் செய்யும். இதோடு ஒரு பென்டிரைவ் அனுப்புகிறேன். அதில் உள்ள மென்பொருள் பழைய கணினி மாதிரி நடிக்கும், விளையாட்டும் ஏமாந்து அதற்குள் ஓடும். வேகம் அதிகமென்றால் கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு எஃப் 11ஐத் தட்டுங்கள். லாரி நடக்கிற வேகத்துக்கு வரும்வரை தட்டலாம்.

முக்கியமானது இது. விளையாட்டு இனித் திரையின் வலது மூலையில் ஒரு சின்ன ஜன்னலுக்குள் ஓடும். இடது பக்கம் முழுக்கக் கேமரா. இரண்டும் ஒரே நேரத்தில் தெரியும். ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால் விளையாட்டு மறுபடி பெரிதாகித் திரையை மூடிவிடும். தவறிப் பட்டால் அதையே இன்னொரு முறை அழுத்துங்கள், சிறிதாகிவிடும். வேண்டுமென்று மட்டும் அழுத்தாதீர்கள்.

ஒரு சந்தேகம் மாமா. கேமராவில் பார்ப்பதற்குப் பதில் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டால் என்ன?

அன்புடன்,
ரதி

•

ரந்தாவ்
6 பிப்ரவரி 2023

அன்பு மருமகளுக்கு,

சுகம். உன் சுகம் வேண்டி வெள்ளிக்கிழமை கோவிலில் அர்ச்சனை வைத்தேன். மிளகுக் கஷாயம் குடி.

பென்டிரைவ் வந்தது, லாரி ஓடியது! வேலை நேரத்திலும் தோட்ட ஆபீஸ் கிராணி வந்து பின்னால் நின்று பார்த்தார். லயமே திரண்டுவிட்டது. பக்கத்து வீட்டு ஃபிளோரா, "அண்ணே, இந்த வயசுல இப்படி ஒரு கையா!" என்று வாயைப் பிளந்தாள். ஆறு மலை ஒரே வாரத்தில் இறக்கிவிட்டேன். ஒரு கண் லாரியில், ஒரு கண் அத்தையில். பாய்லரிலும் இப்படித்தான், ஒரு கண் நெருப்பில், ஒரு கண் கண்ணாடியில்.

பக்கத்தில் உட்காரலாமே என்கிறாய். அத்தைக்கு வெட்கம் ஜாஸ்தி. புருஷன் பகலெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தால் லயத்தில் என்ன சொல்வார்கள் என்று நினைக்கிறாள். புது மணப்பெண் மாதிரி. காலையும் மாலையும் ஃபிளோரா வந்து குளிப்பாட்டிவிடுகிறாள். மற்றதெல்லாம் நான்.

உன் மாமா,
தங்கராஜு,
முன்னாள் தலைமை பாய்லர்மேன், இந்நாள் லாரி சாம்பியன்

•

பட்டர்வொர்த்
27 பிப்ரவரி 2023

அன்புள்ள மாமாவுக்கு,

கஷாயம் குடித்தேன், நாக்கு போய்விட்டது, இருமல் குறைந்திருக்கிறது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஆறு மலைக்கு வாழ்த்துகள். ஆனால் விளையாட்டையும் கேமராவையும் மட்டும் நம்ப வேண்டாம். வாசற்கதவில் ஒரு மணியைக் கட்டுங்கள். கதவு திறந்தால் சத்தம் கேட்கும், நீங்கள் கொஞ்சம் கண் அசரலாம். தாழ்ப்பாளும் உயரத்தில் போடலாமே.

போன தீபாவளிக்கு நான் கைப்பேசியில் "எப்ப வரட்டும் மாமா?" என்று நாலு தடவை கத்தினேன். நீங்கள் "சுடு தண்ணியா, இருக்கு இருக்கு" என்றீர்கள். அதைப் பற்றி அப்போது கேட்கவில்லை. இப்போதும் நீங்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ரதி

•

ரந்தாவ்
15 மார்ச் 2023

அன்பு மருமகளுக்கு,

இங்கே எல்லாம் நலம், வெயில் மட்டும் கொடுமை. அங்கே கடற்காற்று வீசுமே, கொடுத்துவைத்தவள்.

தாழ்ப்பாள் போட்டால் அத்தை கதவில் தலையை முட்டிக்கொள்கிறாள். எடுத்துவிட்டேன். மணியெல்லாம் சாதாரண ஆளுக்கு. எனக்குக் கண் போதும். கண் இருக்கும்போது காது எதற்கு?

ஒரு சந்தோஷச் சேதி. எனக்குப் பதவி உயர்வு. பழைய தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய் நின்றால் அத்தை எழுந்து நின்று, "வாங்க மண்டோரே" என்கிறாள், வேலை வாங்குகிற மண்டோர் வந்துவிட்டதாக நினைப்பு. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறாள். "இன்னிக்கு மழ, பெரட்டு இல்ல, பேரு கூப்பிட மாட்டோம்" என்று சொன்னால் படுத்துக்கொள்கிறாள். வெயில் கொளுத்தும்போது சொன்னாலும் நம்புகிறாள். இருபத்தொன்பது வருஷத்தில் கம்பெனி கொடுக்காத பதவியை அத்தை கொடுத்துவிட்டாள்.

இப்போது ஒன்பதாவது மலையைத் தாண்டிவிட்டேன், தேவனே தாண்டாதது. ஆனால் அந்த ஜன்னல் தபால்தலை அளவுதான் இருக்கிறது. எண்ணெய் முள் தெரியவில்லை, வளைவு தெரியவில்லை. குனிந்து குனிந்து கழுத்து போய்விட்டது, சாயங்காலம் ஆனால் கண்ணில் தண்ணீர். கேமராவை மறைக்காமல் அதைக் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா? சீக்கிரம் எழுது.

உன் மாமா,
தங்கராஜு,
மண்டோர் (அத்தை உத்தரவு)

•

பட்டர்வொர்த்
11 மே 2023

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டு மாதம் ஆகிவிட்டது, மன்னித்துவிடுங்கள். எங்கள் அலுவலகக் கணினிகள் அத்தனையையும் மாற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் செருப்போடு தூங்கிய நாட்கள் உண்டு. உங்கள் கடிதம் பையிலேயே இருந்தது. தினமும் பார்த்தேன், தினமும் நாளைக்கு என்றேன். நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

புது பென்டிரைவ் இதோடு இருக்கிறது. ஜன்னல் இப்போது இரண்டு மடங்கு பெரிது, எண்ணெய் முள் தெரியும். கேமராவில் சுவர் மட்டும் கொஞ்சம் மறையும். கட்டிலும் கதவும் அப்படியே தெரியும், அளந்து பார்த்துத்தான் செய்தேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் விடுமுறை கேட்டிருக்கிறேன். நான் அத்தையோடு இருக்கிறேன், நீங்கள் தூங்குங்கள். ஓய்வில்லை, தூக்கம்தான்.

அன்புடன்,
ரதி

•

ரந்தாவ்
18 மே 2023

மருமகள் ரதிக்கு,

இருவரும் இருக்கிறோம். நீயும் சுகமாக இரு.

பென்டிரைவ் கிடைத்தது. ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றும் ஆகாத மாதிரி செய்ய முடியுமா? அதைச் செய்து அனுப்பு.

மாமா

•

பட்டர்வொர்த்
24 மே 2023

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தப் பென்டிரைவில் அந்த விசைகளுக்கு வேலையே இல்லை. எத்தனை முறை அழுத்தினாலும் ஜன்னல் பெரிதாகாது.

உங்கள் கடிதம் நாலே வரி. பெயர்கூட இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. அத்தை எப்படி இருக்கிறார்? என்ன நடந்திருந்தாலும் எழுதுங்கள். தேவன் அத்தானிடம் நான் சொல்ல மாட்டேன்.

ரதி

•

ரந்தாவ்
20 ஜூன் 2023

அன்புள்ள ரதிக்கு,

முதலில் நல்ல சேதி. அத்தைக்கு ஓர் அடியும் இல்லை, சாப்பிடுகிறாள். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

மே ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பதினொன்றே முக்கால். ஒரு வளைவில் லாரி திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தது. அத்தை கட்டிலில் படுத்திருந்தாள், பார்த்தேன். ஒரே ஒரு வளைவு என்று ஆல்ட்டையும் என்டரையும் அழுத்தினேன். தவறிப் படவில்லை. அழுத்தினேன். லாரி எவ்வளவு பெரிசாகத் தெரிந்தது! வளைவைத் தாண்டினேன், அடுத்ததையும் தாண்டினேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. திரும்ப அழுத்தினால் கட்டில் காலி, கதவு திறந்திருக்கிறது, வாளியைக் காணோம்.

ஓடினேன். செம்மண் ரோட்டில் டிரைவர் முனியாண்டியின் லாரி, செம்பனைக் குலை ஏற்றின லாரி, குறுக்கே நிற்கிறது. அதன் மூக்குக்கு நேராக அத்தை. "டேய், பாலு உறைஞ்சிரும்டா, வழிய விடு!" என்று லாரியைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். முனியாண்டி இறங்கி என் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினான்.

"ஆரன் அடிச்சேண்ணே, அக்கா நகரல. ஒரு சாண் லா, ஒரே சாண்."

"தேவன்கிட்ட..."

"நான் மூச்சு விட மாட்டேன். நீங்க அக்காவக் கூட்டிட்டுப் போங்க."

தொப்பி வீட்டில் இருந்தது. அது இல்லாமல் நான் கையைப் பிடித்ததும் அலறினாள். முனியாண்டிதான் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தான். "மழ வருது, எல்லாரும் வீட்டுக்கு" என்றேன். வந்தாள்.

உனக்கு எழுதினதில் நிறையப் பொய். பன்றி வரவில்லை. கைப்பேசியை அத்தை சோற்றுப் பானையில் போட்டு வேகவைத்தாள். லயம் திரளவில்லை, கிராணியும் வரவில்லை. மணி கட்டாததற்குக் காரணம், கட்டினால் கேட்காது. ஆலைச் சத்தத்தில் காது போய் ஆறு வருஷம். பக்கத்தில் உட்காராததற்குக் காரணம் வெட்கமில்லை. நான் உள்ளே போனால், "யாருய்யா நீ, எம்புருஷன் வேலைக்குப் போயிருக்காரு, வெளிய போ" என்று சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். அந்தப் புருஷன் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் முதல் வாரம் தேவன் வந்தான். கேமராவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். காகிதத்தில் பெரிசாக எழுதிக் காட்டினான்: நல்லா பாத்துக்கிறீங்கப்பா, நான்தான் சும்மா பயந்துட்டேன். அதோடு முடிந்தது. ராசா பேச்சு இல்லை. நான் ஜெயித்துவிட்டேன். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

ஆலையில் பாய்லருக்கு ஒரு புத்தகம் உண்டு ரதி. தண்ணீர் கோட்டுக்குக் கீழே போனால், போனது என்று நேரம் போட்டு எழுத வேண்டும். எழுதினால் நெருப்பை இழுத்துப் போட்டுவிட்டு ஆலையை நிறுத்துவார்கள். எழுதாமல் தண்ணீரைத் திறந்துவிட்டு மூடி மறைக்கிறவனும் உண்டு. சூடேறிய பாய்லரில் பச்சைத் தண்ணீர் பட்டால் அதுதான் வெடிக்கும். என் காவலில் ஒரு நாளும் இறங்கியதில்லை என்று உனக்கு எழுதினேன். இரண்டு தடவை இறங்கியிருக்கிறது. இரண்டு தடவையும் நானே எழுதினேன். அந்தக் காகிதத்தை வாங்கி, தேவனின் எழுத்துக்குக் கீழே எழுதினேன்: மே 9, பகல் 11.45, அம்மா ரோட்டுக்குப் போனாள். நான் விளையாடிக்கொண்டிருந்தேன்.

அவன் அதைப் படித்தான். திட்டியிருக்கலாம். என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். "எத்தன நாளாப்பா நீங்க தூங்கல?" அது எனக்குக் கேட்டது. உதட்டைப் பார்த்தே கேட்டது.

பன்னிரண்டாம் தேதி ராசாவில் சேர்த்தோம். கதவுக்கு ஆள் இருக்கிறார்கள். மூன்று பெண்கள் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். கிளம்பும்போது தொப்பியோடு போய் நின்றேன்.

"மண்டோரே, நாளைக்குக் கண்டிப்பா வந்துருவேன். பேரு போட்ருங்க" என்றாள்.

"போட்டாச்சு" என்றேன்.

உன் கடிதம் இரண்டு மாதம் தாமதமானதை இதோடு சேர்த்து நினைக்காதே. ஜன்னல் சின்னதாக இருந்ததால் இது நடக்கவில்லை. அழுத்தியது நான்.

தங்கராஜு

•

பட்டர்வொர்த்
27 ஜூன் 2023

அன்புள்ள மாமாவுக்கு,

சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை. முயற்சி செய்கிறேன். சரியாகச் சாப்பிடுங்கள், முதலில் நன்றாகத் தூங்குங்கள்.

நான் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று எழுதிப் பார்த்தேன், மூன்று தாள் வீணானது. நேரில் சொல்கிறேன். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம். ராசாவுக்கும் சேர்ந்து போவோம், காது டாக்டரிடமும் போவோம். மாட்டேன் என்று எழுத வேண்டாம்.

இனி விளையாட்டை அந்த மூலையில் அடைத்துவைக்க வேண்டியதில்லை. கேமராவை மூடிவிட்டு முழுத் திரையில் ஆடுங்கள். அதற்கான பென்டிரைவ் இதோடு இருக்கிறது. கண்ணுக்குச் சிரமம் இராது. பதினான்காவது மலையை நான் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
ரதி

•

ரந்தாவ்
14 ஜூலை 2023

அன்பு மருமகள் ரதிக்கு,

மாமா சுகம். அத்தை சுகம், கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் பஸ்ஸில் போய்வருகிறேன். தொப்பி கூடவே வருகிறது. இல்லத்து நர்ஸ்கள் என்னை மண்டோர் ஐயா என்றே கூப்பிடுகிறார்கள். இது நிஜம், வந்து கேட்டுக்கொள்.

முதல் பத்து நாள் தூங்கினேன். சோற்றுக்கு எழுப்ப வந்த ஃபிளோரா, செத்துவிட்டேன் என்று நினைத்து ஜெபமே பண்ணிவிட்டாளாம்.

காது டாக்டரிடம் வருகிறேன்.

ஒன்பதாவது மலையைத் தாண்டினதெல்லாம் சும்மா எழுதினது. ஏழாவது மலையில்தான் அன்றைக்கும் இருந்தேன், இன்றைக்கும் இருக்கிறேன். நீ வரும்போது அதைத்தான் பார்ப்பாய்.

முழுத் திரைப் பென்டிரைவை அலமாரியில் வைத்துவிட்டேன். கோபிக்காதே. காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் இடது பக்கம் அத்தையின் கட்டில் வருகிறது. போர்வையை ஃபிளோரா மடித்துவைத்திருக்கிறாள். வாளி மூலையில் இருக்கிறது. பதினொன்றே முக்காலுக்குக் கதவோரமாக வெயில் உள்ளே வந்து கட்டில் கால் வரை போகிறது. வலது மூலையில் நான் பாட்டுக்கு லாரியை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். விழுகிறது, மறுபடி எடுக்கிறேன்.

பெரிதாக்கினால் அந்தப் பக்கம் மூடிவிடும். அது இப்படியே இருக்கட்டும்.

பன்னிரண்டாம் தேதி பஸ் நிலையத்தில் நிற்கிறேன். கூப்பிட்டுப் பார்க்காதே, கேட்காது. கையை ஆட்டு, பார்த்துவிடுவேன்.

உன் மாமா,
தங்கராஜு